ஒரு பானைச் சோறும் முப்பது பாட்டும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. சோற்றுக்குப் பொருந்தும் இவ்விதி பாட்டுக்கும் பொருந்துமா? ஓர் இசைக்குழு பன்னிரண்டு ஆண்டுகள் பாடிய பாட்டுகளிலிருந்து முப்பதை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு தொகுப்பாகத் தருகிறார்கள். அதைக் கேட்டு முடித்தவன், "அக்குழுவை நான் கேட்டுவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா?

இசை கேட்போர் கூடும் இடமெல்லாம் எழுகின்ற வழக்கு இது. அமெரிக்க நாட்டுப் பங்க் ராக் குழுவான ராமோன்ஸின் "ராமோன்ஸ் மேனியா" என்னும் தொகுப்பைப் பற்றி இந்த வழக்கு இன்றும் ஓயவில்லை. 1988ஆம் ஆண்டில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த அத்தொகுப்பைக் குறித்துக் கேட்டவர்கள் சொல்லும் கருத்துகளை எடைபோட்டு, என் கருத்தையும் இங்கே முன்வைக்க விழைகிறேன்.

யார் இந்த ராமோன்ஸ்?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1974இல் ஒன்று கூடினர். அவர்கள் உடன்பிறந்தோர் அல்லர். ஆயினும் நால்வரும் "ராமோன்" என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டனர். பாடியவர் ஜோயி, கித்தார் வாசித்தவர் ஜானி, பேஸ் கித்தார் வாசித்தவர் டீ டீ, டிரம்ஸ் வாசித்தவர் டாமி. இவர்களுள் டாமி ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர்.

அந்நாளில் ராக் இசை நீண்டுகொண்டே போன காலம். ஒரு பாட்டு பத்து நிமிடம் ஓடும். கித்தார் வல்லுநர் தம் திறமையெல்லாம் காட்டி முடிக்கும் வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். ராமோன்ஸ் இதற்கு நேர்மாறாக வந்தார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று டீ டீ உரக்க எண்ணுவார். பாட்டு பாய்ந்து கிளம்பும். இரண்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். வித்தை காட்டுதல் இல்லை, நீட்டி முழக்குதல் இல்லை.

1976இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் பாட்டுகள் 14. மொத்த நேரம் 29 நிமிடம். அதைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,400 டாலர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 111ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகள் இங்கிலாந்தில் முளைவிட்டுக்கொண்டிருந்த பங்க் இசைக்கு உரமாயின. பிறகு 1996 ஆகஸ்டு 6ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விடைபெறும் வரை, 22 ஆண்டுகளில் 2,263 நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். புகழ் இருந்தது, விற்பனைதான் இல்லை. இதை மனத்திற்கொண்டே தொகுப்பைப் பற்றிய வழக்கை நாம் அணுக வேண்டும்.

கேட்டவர் கருத்துகள்

கேட்டவர்களை நான்கு அணியாகப் பிரிக்கலாம்.

முதல் அணியினர் நன்றியுள்ளவர்கள். "பத்து இசைத்தட்டுகளையும் தேடி வாங்க எங்களிடம் பணம் ஏது? எங்கே கிடைக்கும் என்பதும் தெரியாது. இந்த ஒரு தொகுப்புத்தான் எங்களுக்குக் கதவு திறந்தது" என்பது இவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் 1976 முதல் 1987 வரையிலான காலத்தை ஒரே அமர்வில் கேட்டுவிட முடிகிறது.

இரண்டாம் அணியினர் தூய்மைவாதிகள். "முதல் நான்கு இசைத்தட்டுகளை அப்படியே கேள், மற்றதெல்லாம் வீண்" என்பார்கள். 1976 முதல் 1978 வரை வந்த அந்நான்கும் ஒவ்வொன்றும் அரை மணி நேரமே ஓடுபவை. ஏற்கெனவே சுருங்கியதை மேலும் சுருக்குவானேன் என்று கேட்கிறார்கள்.

மூன்றாம் அணியினர் குறை கூறுவோர். "என் பாட்டு எங்கே?" என்பது இவர்கள் குரல். முதல் இசைத்தட்டில் உள்ள "ஜூடி இஸ் எ பங்க்" என்ற ஒன்றரை நிமிடப் பாட்டு இத்தொகுப்பில் இல்லை. அதை உயிராக நினைப்பவர்களுக்கு இது பெருங்குறை. அதை விட்டுவிட்டு 1980களில் வந்த சுமாரான பாட்டுகளுக்கு இடம் தந்தது ஏன் என்று சினந்து கேட்கிறார்கள். எனக்கு இவர்கள் சினம் பிடிக்கும். விட்டுப்போன பாட்டுக்காக ஒருவன் வருந்துகிறான் என்றால், அவன் தொகுப்போடு நின்றுவிடவில்லை. மூலத்துக்குப் போய் வந்திருக்கிறான் என்று பொருள்.

நான்காம் அணியினர் சிலரே. வரிசையைப் பற்றிப் பேசுபவர்கள். இவர்கள் கூறுவதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

வரிசையில் என்ன இருக்கிறது?

தொகுத்தல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகைக்கு நான்கு முதல் எட்டடி, நற்றிணைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டடி, அதற்கு மேற்பட்டவை அகநானூற்றுக்கு என்று அடியளவு கண்டு அகப்பாட்டுகளைப் பிரித்தவர்கள் நம்மவர்கள். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலைத்திணை என்று வரிசைக்கும் விதி வகுத்தார்கள். ஆக, எதைச் சேர்ப்பது என்பது மட்டுமன்று, எதன் பின் எதை வைப்பது என்பதும் தொகுப்பாளன் கடமையே.

"ராமோன்ஸ் மேனியா"வில் கால வரிசை இல்லை. 1978இல் வந்த "ஐ வான்னா பி செடேட்டட்" முதலில் நிற்கிறது. முதல் இசைத்தட்டின் முதற் பாட்டாக இக்குழுவை உலகுக்கு அறிமுகம் செய்த "பிளிட்ஸ்கிரீக் பாப்" ஒன்பதாம் இடத்தில் வருகிறது. மூன்றாம் பாட்டு 1980ஐச் சேர்ந்தது. நான்காம் பாட்டு 1977ஐச் சேர்ந்தது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். மூன்றாம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். வானொலியின் பழைய ராக் அண்டு ரோல் நாட்களை நினைவு கூரும் பாட்டு அது. சாக்ஸபோனும் ஆர்கனும் நிறைந்து பெரிய அரங்கு அதிர்வதுபோல் ஒலிக்கிறது. ஏன் இந்த மாற்றம்? எத்தனை நல்ல பாட்டுத் தந்தும் வானொலி தங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஏங்கிய குழு, 1960களில் வெற்றிமேல் வெற்றி கண்ட ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளரிடம் தன்னை ஒப்படைத்தது. அதில் விளைந்த இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் 44ஆம் இடம் பெற்றது. அக்குழு எட்டிய உச்சமே அவ்வளவுதான். அடுத்த நொடியே 1977ஆம் ஆண்டுப் பாட்டு வந்து விழுவதால், இந்த ஏக்கமும் ஏமாற்றமும் கேட்பவன் காதுக்கு எட்டுவதேயில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1985இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், மேற்கு ஜெர்மனியின் பிட்பர்க் நகரில் உள்ள போர்வீரர் கல்லறைக்குச் சென்றார். நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் சிலரும் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த ஜோயி கொதித்துப்போனார். அக்கொதிப்பில் பிறந்ததே "போன்சோ கோஸ் டு பிட்பர்க்". ஆனால் கித்தார் வாசித்த ஜானியோ ரீகனின் ஆதரவாளர். அவர் வற்புறுத்தலால் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டில் அப்பாட்டின் பெயரே மாறியது. ஒரே மேடையில் இரு துருவங்கள்! தொகுப்பில் இப்பாட்டு பதினேழாவதாக, வேறு காலத்துப் பாட்டுகளுக்கு நடுவே நிற்கிறது. நாளும் சூழலும் அறியாதவனுக்கு அது இனிய மெட்டுள்ள இன்னொரு பாட்டு, அவ்வளவே.

1999இல் வெளியான "ஹே ஹோ லெட்ஸ் கோ" என்னும் பெருந்தொகுப்பு இக்குறையைப் பெரும்பாலும் போக்கியது. 58 பாட்டுகளைக் கால வரிசையையொட்டி அது அடுக்கியது. ஏற்றமும் தெரிகிறது, தளர்ச்சியும் தெரிகிறது. பிற்பகுதி சோர்வு தட்டுகிறது என்று சிலர் குறை சொல்வர். சோர்வும் ஒரு வாழ்க்கையின் பகுதிதானே? தளர்ந்த பின்னும் விடாமல் ஊர் ஊராகச் சென்று வாசித்தார்கள் என்பதல்லவா அவர்கள் பெருமை?

என் கருத்து

அப்படியானால் முப்பது பாட்டுத் தொகுப்பைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, "ராமோன்ஸ் பாட்டெல்லாம் ஒரே மாதிரி" என்ற பழிக்கு இத்தொகுப்பே மறுமொழி. டாமி, மார்கி, ரிச்சி என்று மூன்று டிரம்ஸ்காரர்கள் மாறிய காலம் அது, தயாரிப்பாளர்களும் மாறினார்கள். பாட்டுகளைக் கலைத்து அடுக்கியும் அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாய் நிற்கின்றன. கால வரிசையைக் குலைத்ததால் வந்த நன்மை இது ஒன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் நெஞ்சைத் தொடுவது. அமெரிக்காவில் ஐந்து லட்சம் படிகள் விற்றால் தங்கத் தட்டு என்ற தகுதி கிடைக்கும். ராமோன்ஸ் குழு இயங்கிய நாளில் அத்தகுதியைப் பெற்றது இந்தத் தொகுப்பு மட்டுமே; அதுவும் 1994இல். முதல் இசைத்தட்டுக்கு அத்தகுதி கிடைத்தது எப்போது தெரியுமா? 2014இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! அதற்குள் ஜோயி 2001இலும், டீ டீ 2002இலும், ஜானி 2004இலும் மறைந்துவிட்டனர். எஞ்சியிருந்த டாமியும் 2014 ஜூலை 11ஆம் நாள் காலமானார். மூலத்துக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பை முதலில் ஈட்டித் தந்தது தொகுப்பே. அதை இகழ்வது ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பதாகும்.

ஆனால் ஏணியிலேயே குடியிருக்கவும் கூடாது. கழுகு பொறித்த ராமோன்ஸ் முத்திரை கொண்ட பனியனை இன்று உலகெங்கும் இளைஞர்கள் அணிகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள்? பனியனோடு நிற்பவனுக்குத் தொகுப்பு ஒரு முன்னேற்றம். தொகுப்போடு நிற்பவனுக்கு முதல் இசைத்தட்டின் அந்த 29 நிமிடம் ஒரு முன்னேற்றம். ஒரு வகுப்பு நேரம்கூட ஆகாது, முயன்று பார்க்கலாமே!

நண்பர்களே, தேர்வுக்கு வழிகாட்டி நூலை மட்டும் படித்துவிட்டு மூலநூலைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் குற்றம் இதை எழுதுபவனையும் சாரும். ராமோன்ஸையும் நான் முதலில் முப்பது பாட்டாகவே கேட்டேன். போதும் என்று பல நாள் இருந்தும்விட்டேன். "ஜூடி இஸ் எ பங்க்" அதில் இல்லை என்று ஒருவர் ஆத்திரத்தோடு சொல்லக் கேட்ட பிறகே மூலத்தைத் தேடிப் போனேன். அந்த ஆத்திரத்துக்கு நான் கடன்பட்டவன்.

ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது, சோறு வெந்ததா என்று அறிவதற்கே. அதனால் பசி தீர்வதில்லை. முப்பது பாட்டும் அப்படித்தான். பதம் சரியாக இருக்கிறது என்று கண்டவன், அடுத்து இலை போட்டு உட்கார வேண்டும்.