உத்திரமேரூர் பெருமை பேசுறோம், கணக்கை எப்போ காட்டுவோம்?

நியூ ஜெர்சியோ டல்லாஸோ, தமிழ்ச் சங்க விழா என்றால் மேடையில் யாராவது ஒருவர் உத்திரமேரூரை இழுத்துவிடுவார். "ஐரோப்பா இருண்ட காலத்தில் கிடந்தப்போ நாம குடவோலையில் ஓட்டுப் போட்டோம்!" கைதட்டல் அள்ளும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் மோடியும் அந்தக் கல்வெட்டைத்தான் சொன்னார்.

அந்த இருண்ட ஐரோப்பாவை இங்கே நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஏழாம் வகுப்பு வரலாறே இடைக்காலம்தான். 1077-ல் ஜெர்மன் அரசன் நான்காம் ஹென்றி, கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் நின்று போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்பு கேட்டான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு. மடங்களுக்கு ஊர் ஊராக நிலம். சாமி பேரைச் சொல்லி இவ்வளவு அதிகாரமா என்று பிள்ளை கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கனோசாவுக்கு 67 வருஷம் முன்னாடி, 1010-ல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் மட்டும் என்னவாம்? ஊர் ஊராக அதற்கு நெல் போனது. அதன் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின, வட்டி 12.5 சதவீதம். 400 தளிச்சேரிப் பெண்டுகளை வேறு வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுடைய சம்மதம் பற்றிக் கல்வெட்டில் பேச்சே இல்லை.

சரி, உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 921. குடத்துக்குள் பெயர் போக வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள், வேதம் தெரிந்திருக்கணும். ஊரே சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தை உழுதவனுக்கு ஓலை கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது. மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் அதே கல்வெட்டில் உண்மையிலேயே பெருமைப்பட ஒன்று இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. மாமனார், மச்சான் என்று உறவைப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள்! கோயில் சுவரில், எல்லாரும் பார்க்கும்படி.

இப்போ நம்ம கோயில்களுக்கு வருவோம். பேர்லாந்து மீனாட்சி, லிவர்மோர் சிவா விஷ்ணு என்று எண்பதுகளில் எழுந்தவை முதல் நேற்று கும்பாபிஷேகம் ஆனவை வரை, எல்லாம் நம்மாளுங்க வியர்வை. சந்தேகமே இல்லை. ஆனால் பல இடங்களில் ஓட்டு என்பது நன்கொடைத் தொகையைப் பொறுத்தது. கால் வேலிக்குப் பதில் டாலர், அவ்வளவுதான். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் நிர்வாகத் தேர்தலுக்கு எந்த விதி செல்லும் என்ற சண்டை, 2008-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது.

கணக்கு? தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் ஆண்டுதோறும் ஐஆர்எஸ்-க்கு 990 வகைப் படிவம் தாக்கல் செய்யணும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சர்ச், மசூதி, கோயிலுக்கு அது கட்டாயமில்லை. காட்டுவதும் காட்டாததும் கமிட்டி இஷ்டம்.

குருக்களை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆர்-1 விசா, அதிகபட்சம் ஐந்து வருஷம். மனுப் போடுவது கோயில், வேலை அந்தக் கோயிலில் மட்டும். கிரீன் கார்டும் பெரும்பாலும் அதே கமிட்டி கையெழுத்தில்தான். ஹெச்-1பியில் மேனேஜரிடம் வாயைத் திறக்கப் பயந்து எத்தனை வருஷம் ஓட்டினோம் என்று நமக்குத் தெரியும். நமக்காவது தாவ ஆயிரம் கம்பெனி இருந்தது. ஆகமம் படித்தவருக்கு இந்த ஊரில் எத்தனை கோயில்? நிலத்தோடு கட்டிப்போட்ட ஐரோப்பியக் குடியானவனைப் பாடத்தில் படித்து உச்சுக்கொட்டும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இவரிடம்தான் விபூதி வாங்குகிறது.

தமிழ்நாட்டில் அறநிலையத்துறை வெளியேறணும், பக்தர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இங்கிருந்து பதிவு போடும் நண்பர்கள் எனக்கு நிறைய. நியாயமான வாதமாகவே இருக்கட்டும். அரசே இல்லாத கோயில் ஐம்பது வருஷமாக நம் கையில் இருக்கிறதே, நடத்திக் காட்டியிருக்கிறோமா?

அடுத்த பொதுக்குழுவில் மூன்று விஷயம் கேளுங்கள். தணிக்கை செய்த வரவுசெலவைச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்துப் பலகையில் ஒட்டணும். கணக்கு வைக்காத கமிட்டிக்காரர் அடுத்த தேர்தலில் நிற்கக்கூடாது, அவர் மச்சானும்தான். குருக்களுக்கும் சமையல்காரருக்கும் சம்பளம், லீவு என்ன என்று எழுத்தில் வரணும்.