மேச்சேரி ரோடு மேச்சேரியில் இல்லை

ஓமலூரில் பிரிந்து மேட்டூர் அணைக்குப் போகும் ரயில் பாதையில் ‘மேச்சேரி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி ஊரைத் தேடினால் கிடைக்காது. ஊர் தள்ளி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே வழக்கம் அது. தண்டவாளம் ஊருக்குள் போகாவிட்டால், ஊருக்குச் சாலை பிரிகிற இடத்தில் ஸ்டேஷனைக் கட்டி, பெயரோடு ‘ரோடு’ என்று சேர்த்துவிடுவார்கள். இது ஊர் இல்லை, இங்கிருந்து நீ இன்னும் போகணும் என்று அர்த்தம்.

அந்த மஞ்சள் பலகைக்கு இருந்த நேர்மை நம் கையில் இருக்கும் மேப்புக்கு இல்லை. “இதுக்கு மேல எனக்குத் தெரியாது, யாரையாவது கேட்டுக்கோ” என்று அது சொல்வதே இல்லை. தெரிந்த வழிக்கும் தெரியாத வழிக்கும் ஒரே நீலக்கோடு, ஒரே தன்னம்பிக்கை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பார்சல் பையன் போன் பண்ணினான். “அண்ணா, மேப்பு ஏரிக்குள்ள போகச் சொல்லுதுங்க. உள்ள தண்ணி நிக்குதுங்க.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. ஏரி வறண்டு கிடந்த வருஷங்களில் டிராக்டரும் ஆட்டுக்காரர்களும் போய்ப் போய் விழுந்த தடம் அது. மேலேயிருந்து எடுத்த படத்தில் நல்ல சாலை மாதிரியே தெரியும். அவன் சுற்றிக்கொண்டு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. அந்தப் பெட்ரோல் அவன் காசு, அந்த அரைமணியும் அவனுடையது. தாமதத்துக்குத் திட்டு வாங்கப் போவதும் அவன்தான். எந்தச் செயலி என்பது முக்கியமில்லை. செயலியின் தப்புக்கு யார் தண்டம் கட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இந்தத் தப்புகள் ஏன் வருகின்றன என்று கேட்டால், “டெக்னாலஜின்னா அப்படித்தான்” என்பார்கள். அப்படித்தான் இல்லை. சேலத்து மேற்குப் பக்கம் ஊர்கள் அமைந்திருக்கும் விதம் மேப்பு செய்கிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இங்கே ஊர் என்பது ஒரே இடத்தில் குவிந்திருப்பது அல்ல. காட்டுக்குக் காடு நாலு வீடு, அந்த நாலு வீட்டுக்கு ஒரு பெயர். காட்டுவளவு, மேட்டுவளவு என்று வளவுகள். ஒரே ஒன்றியத்தில் எத்தனை காட்டுவளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விரல் போதாது. ஊர்க்காரனுக்கு இதில் குழப்பம் கிடையாது, எந்த ஊர்க் காட்டுவளவு என்று சேர்த்தே சொல்வான். மேப்பு முதலில் அகப்பட்டதைக் காட்டும்.

பாதையிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் வேலி கட்டி நடுவில் ஆள் போக, மாடு போக, வண்டி போக விட்டிருப்பது இட்டேரி. தார்ரோடு வேறு, வண்டித்தடம் வேறு, இட்டேரி வேறு. மேப்பில் மூன்றும் ஒரே வெள்ளைக்கோடாகிவிட்டால், லாரிக்காரன் இட்டேரிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு, திருப்பவும் முடியாமல் பின்னால் எடுக்கவும் முடியாமல் நிற்பான்.

பெயர்களின் கதை இன்னும் மோசம். கொட்டாய் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், அதே எழுத்துகளைக் கோட்டை என்றும் படிக்கலாம். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வரும்போது, ஓலை வேய்ந்த நாலு கொட்டாய் இருந்த இடம் கோட்டையாகிவிடும். ராஜா மட்டும் இருக்க மாட்டார். அரசாங்கமே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. 2020இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்துவிட்டு, வந்த எழுத்துகளைப் பார்த்து எல்லாரும் சிரித்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பை நம்பிப் போன ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. படம் பரவியது, மீம் போட்டோம், மறந்தோம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றுப் பாலத்தில் போன கார் கீழே விழுந்து மூன்று பேர் செத்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. மேப்பில் பாலம் முழுசாக இருந்தது, சாலையில் தடுப்பு இல்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும், பெயர் குறிப்பிடாத கூகுள் மேப்ஸ் அதிகாரி மீதும் வழக்குப் பதிந்தார்கள். உடைந்த பாலத்தை அடைக்க வேண்டியது அரசு. உடைந்ததைக் காட்ட வேண்டியது மேப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் ‘இந்தப் பாலம் இன்றைக்கு இல்லை’ என்ற ஒரு வரிச் செய்தி பயணிக்கக் கட்டாயமான வழி எதுவும் கிடையாது. மூன்று உயிர் போன ஓட்டை அது.

இந்த இடத்தில்தான் நம் நண்பர்கள் வருவார்கள். “குறை சொல்றியே, ‘திருத்து’ன்னு ஒரு பட்டன் இருக்கே, அழுத்த வேண்டியதுதானே?” அழுத்தினேன். பல தடவை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். அப்புறம் சில சமயம் ஏற்பார்கள், சில சமயம் ‘ஏற்கப்படவில்லை’ என்பார்கள். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இந்தப் பக்கம் கால் வைத்தே இராத யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதை இல்லை என்று எனக்கே சொல்லும்.

சரி, ஏற்றுக்கொண்டார்கள் என்றே வைப்போம். கூலி என்ன? கூகுளின் லோக்கல் கைட்ஸ் திட்டத்தில் ஒரு திருத்தத்துக்கு 5 பாயிண்ட், ஒரு சாலை சேர்த்தால் 15. பத்தாவது படி ஏற ஒரு லட்சம் பாயிண்ட் வேண்டும். திருத்தம் மட்டுமே செய்து ஏறுவதானால் இருபதாயிரம் திருத்தம். அதற்கு ஒரு பட்டயம், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரச் சின்னம். நம் தாத்தாக்கள் ஏரி தூர்வாரக் குடிமராமத்துக்குப் போனார்கள், அந்த ஏரி ஊருடையதாக இருந்தது. நாம் போவது கம்பெனி ஏரிக்கு.

இது புதுக்கதையும் இல்லை. 2008இல் கூகுள் ‘மேப் மேக்கர்’ என்று ஒன்றைத் தொடங்கியது. டிஜிட்டல் வரைபடமே இல்லாத நாடுகளில் அந்தந்த ஊர் மக்களே வரைந்துகொள்ளலாம் என்பது யோசனை. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லலிதேஷ் கட்ரகட்டா, நம் ஊர்க்காரர்தான். இந்தியா முழுக்க இளைஞர்கள் உட்கார்ந்து தெரு வரைந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 2013இல் ‘மேப்பத்தான்’ என்று போட்டி நடத்திப் பரிசும் அறிவித்தார்கள். இந்திய நில அளவைத் துறை போலீஸில் புகார் கொடுத்தது, அடுத்த வருஷம் சி.பி.ஐ. முதற்கட்ட விசாரணை வரை போனது. 2017இல் மேப் மேக்கரையே மூடிவிட்டார்கள். வரைந்த தெருக்கள் எங்கே போயின? கம்பெனியின் மேப்புக்குள்தான். வரைந்தவன் அதை மொத்தமாக எடுத்துத் தன் ஊருக்கு ஒரு படம் போட முடியுமா? முடியாது.

நாம் ஒன்றுமே வரையாவிட்டாலும் வேலை நடக்கிறது. 2020இல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் ஒரு சின்னத் தள்ளுவண்டியில் 99 போன்களைப் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகி, போக்குவரத்து நெரிசல் என்று காட்டியது. நாம் நகர்வதுதான் மேப்பு. அந்தப் பார்சல் பையன் ஏரியைச் சுற்றி வந்தானே, அந்தச் சுற்றும் எங்கோ ஒரு சர்வரில் தகவலாகச் சேர்ந்திருக்கும்.

அரசாங்கம் என்ன செய்கிறது? எல்லைக்கோட்டைக் காக்கிறது. 2016இல் ஒரு வரைவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாட்டின் வரைபடத்தைத் தப்பாகக் காட்டினால் 10 லட்சம் முதல் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை. எதிர்ப்பு வந்தது, சட்டமாகவில்லை. 2021இல் தலைகீழாகத் திரும்பி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவு சேகரிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அடைத்தபோதும் சரி, திறந்தபோதும் சரி, மேச்சேரிக்காரனின் இட்டேரி யார் நினைப்பிலும் இல்லை. இத்தனைக்கும் இங்கே தரவு இல்லாமல் இல்லை. வருவாய்த் துறையிடம் சர்வே எண் வாரியாகப் புலப்படம் இருக்கிறது. எந்தச் சாலையைப் போட்டோம், எந்தத் தரைப்பாலம் உடைந்தது என்பது பேரூராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் தெரியும். ஆனால் சாலையை மூடினால் இரண்டு முள்ளை வெட்டிப் போடுவதோடு அரசின் தகவல்தொடர்பு முடிந்துவிடுகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “மேப்பே எதுக்குங்க? அந்தக் காலத்துல டீக்கடையில கேட்டா வழி சொல்ல மாட்டாங்களா? மனுசனோட மனுசன் பேசற பழக்கமே போச்சு.” இலக்கியக் கூட்டங்களில் இந்தக் குரலுக்குக் கைதட்டல் நிச்சயம். நான் தட்ட மாட்டேன். டீக்கடையில் வழி கேட்டால் முதலில் வருவது வழியா? “எந்த ஊரு? யாரு வூட்டுக்கு? அவிங்க உங்களுக்கு என்ன வேணும்?” மூன்றாவது கேள்விக்குள் உன் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வழி, அதுவும் உன்னைப் பொறுத்த தொனியில். யாரிடமும் இந்தப் பரீட்சை எழுதாமல் ஒரு தெருவுக்குள் போய்வர முடிகிறது என்பது கைபேசி மேப்பு கொடுத்த விடுதலை. அதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் அந்தக் கேள்விகளுக்குப் பயந்ததில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் மேப்பில் இருக்கும் தப்பு எனக்கு வலிக்கிறது. எந்தத் தெருவுக்குப் பெயர் இருக்கிறது, எது வெறும் கோடு, எது கோடாகக்கூட இல்லை என்று பாருங்கள். கோயிலும் தேர் ஓடும் வீதியும் துல்லியமாக இருக்கும். ஊருக்கு வெளியே தள்ளி வைத்த தெருவுக்கு, அதில் குடியிருப்பவர்கள் சொல்லும் பெயர் இருக்காது. மற்றவர்கள் அவர்களைக் குறிக்கும் பெயர்தான் இருக்கும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அக்டோபரில் தெருக்களின், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. நல்லது. பலகையை மாற்றுவார்கள். மேப்பை யார் மாற்றுவது? இன்றைக்கு ஆம்புலன்ஸ் டிரைவரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பது பலகையை அல்ல.

அப்ப என்ன பண்றது? திருத்தணும். ஆனால் எங்கே திருத்துகிறோம் என்பதில் கொஞ்சம் ரோஷம் வேணும்.

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் இருக்கிறது. விக்கிப்பீடியா மாதிரி, யாரும் திருத்தலாம், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு பாதை மண்ணா தாரா, எவ்வளவு அகலம், லாரி போகுமா என்று தனித்தனியே குறிக்கலாம். இட்டேரியை இட்டேரியாகவே வைக்கலாம். ஒரே இடத்துக்குத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பழைய பெயர் எல்லாம் கொடுக்கலாம். முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, அருண் கணேஷ் இதன் மேல்தான் ஒரு பக்கத்தை உருவாக்கினார். மக்கள் தங்கள் தெருவைத் தொட்டு, தண்ணீர் நிற்கிறது என்று தாங்களே குறித்தார்கள். யாருடைய பரிசீலனைக்கும் காத்திருக்கவில்லை.

“அதை யாருப்பா பாக்கறான்? எல்லாரும் கூகுள்தான்” என்பது நியாயமான கேள்வி. என் பதில் இரண்டு. ஒன்று, மெட்டா, அமேசான், மைக்ரோசாஃப்ட் எல்லாம் இந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகின்றன, ஆகவே பார்க்கிறார்கள். பெரிய கம்பெனிகளும்தான் லாபம் அடைகின்றன, மறுக்கவில்லை. ஆனால் இங்கே அவர்களுக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கிறது. இரண்டு, உயிர் போகிற தப்பு என்றால் எல்லா மேப்பிலும் உடனே சொல்லுங்கள், உடைந்த பாலத்தின் முன்னால் கொள்கை பேசக் கூடாது. மற்றதெல்லாம் முதலில் பொதுவில் போகட்டும். ஒன்று மட்டும் கவனம்: கம்பெனி மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. நடந்து பார்த்ததை, ஊரில் கேட்டதை மட்டும் எழுதுங்கள். பெயர் வைக்கும்போது அந்தத் தெருவில் இருப்பவர்களைக் கேளுங்கள், எதிர்த்தெருக்காரனை அல்ல.

கேட்க வேண்டியது அரசிடமும் இருக்கிறது. ஒவ்வொரு பேரூராட்சியும் ஒன்றியமும் தன் சாலைப் பட்டியலை, மாற்றிய பெயர்களை, மூடிய சாலையை, உடைந்த பாலத்தை அன்றன்றைக்கே பொதுவில் வெளியிட வேண்டும். வெளியிட்டதை எடுத்துக்கொள்ளாத மேப்பு நிறுவனம் விபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுபோகலாம், தெருவிளக்குக்குக் கேட்பது போலத்தான் இதுவும்.

அந்த ஏரித் தடத்தை நான் பொது வரைபடத்தில் திருத்திவிட்டேன். தண்ணீர் இருந்தால் போக முடியாது என்று குறித்து, சுற்றுவழியையும் வரைந்தேன். பத்து நிமிஷ வேலை. பார்சல் பையனின் மேப்பில் அது இன்னும் வரவில்லை. அடுத்த தடவை போன் பண்ணினால், “ஏரி முனையிலேயே நில்லு தம்பி, நானே வர்றேன்” என்று சொல்லியிருக்கிறேன்.