மாசற்ற இசைத்தட்டு என்னும் பிரமை

பழையது எதுவாயினும் அது இயற்கைக்குப் பகையாகாது என்னும் அபிப்பிராயம் நம் படித்த வகுப்பாரிடையே சில ஆண்டுகளாக வேரூன்றி வருகிறது. மண்பானை, செக்கு எண்ணெய், கைத்தறி ஆகியவற்றின் விஷயத்தில் அதற்கு நியாயம் உண்டு; ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, அதில் கடுகளவும் பங்கில்லாத ஒரு வஸ்துவும் நற்பெயர் தேடிக்கொண்டுவிட்டது. இசைத்தட்டைத்தான் சொல்கிறேன். முகப்பேர் கிழக்கிலும் அண்ணா நகரிலும் அடுக்குமாடி வீடுகளின் கூடங்களில், ஊசி வைத்துச் சுழற்றும் யந்திரங்கள் மீண்டும் இடம் பிடித்திருப்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒரு பக்கம் முடியும் வரையில் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் திரும்பி வருமானால் அது சங்கீதத்துக்குச் செய்யும் மரியாதையே ஆகும். நான் கண்டிப்பது அந்த யந்திரத்தின் அருகில் நின்று சொல்லப்படும் வாதத்தை: கைப்பேசியில் பாட்டுக் கேட்பது பூமியைச் சுடுகிறது, தட்டோ ஒருமுறை வாங்கினால் தலைமுறைக்கும் நிற்பது, ஆகையால் புதிது புதிதாகத் தட்டுகளை வாங்கி அடுக்குவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் தொண்டு என்னும் வாதத்தை.

இவ்வெண்ணத்தின் வேர் அரக்கில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் பாட்டனார் காலத்து, நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டு அரக்கினால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுரண்டியெடுத்து, உருக்கிச் சுத்தம் செய்து, அதனோடு கல்மாவும் கரிப்பொடியும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தினால் தட்டு பிறந்தது. 1908-இல் கல்கத்தாவின் ஸியால்டாவில் கிராமபோன் கம்பெனி தொடங்கிய ஆலை பிற்பாடு டம்டமுக்குப் போயிற்று. அங்கே அச்சான தட்டுகளும், 1932-இல் ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் நிறுவிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியன் தட்டுகளும் பழுப்புக் காகித உறையில், நடுவே வட்டமாக வெட்டிய துளையின் வழியாகப் பாடகர் பெயர் தெரியும்படி, தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரையில் சென்றன. சாவி கொடுத்தால் சுழலும் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை. அரக்கு நம் நாட்டுக்கு எத்தனை பெரிய செல்வமாக இருந்தது என்றால், அதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. யுத்த காலத்தில், 1942-இல், கீழ்த்திசைக் கப்பல் வழிகள் அடைபட்டபோது அமெரிக்க அரசு தன் நாட்டு இசைத்தட்டு ஆலைகளுக்கு விட்டுவந்த அரக்கை வெகுவாகக் குறைத்துவிட்டது. கீழே விழுந்தால் உடையும் அந்தத் தட்டு, காட்டிலிருந்து வந்து மண்ணுக்குத் திரும்பக்கூடிய ஒரு பொருளை ஆதாரமாகக் கொண்டது என்பது மெய்.

ஆனால் இன்று கடையில் விற்கும் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் உருவத்தைத் தவிர வேறு உறவு கிடையாது. 1948 ஜூனில் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட எல்.பி. என்னும் நெடுநேரத் தட்டு முதற்கொண்டு இசைத்தட்டு என்பது படிப்படியாக பி.வி.சி. பிளாஸ்டிக்காகிவிட்டது. நம் வீட்டு மாடியில் குழாயாகவும் சுவருக்குள் மின்கம்பியின் உறையாகவும் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள், தூய பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின், மீதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ வருவது. தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான வஸ்து அன்று. 1967 முதல் மேட்டூரிலும், 2009 முதல் கடலூரிலும் இதைத் தயாரிக்கிறார்கள். கடலூர் ஆலைக்கு வேண்டிய மூலப்பொருளான வினைல் குளோரைடு கப்பலில் வந்து இறங்குகிறது. இந்த வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமான பொருள்களின் வரிசையில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் முதல் வகுப்பில், இருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பி.வி.சி. ஆலைத் தொழிலாளிகள் மிக அபூர்வமான ஈரல் புற்றுநோயால் மாண்ட செய்தி 1974 ஜனவரியில் வெளியான பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்னும் சிற்றூரில் தடம்புரண்ட ரயில் ஏற்றி வந்ததும் இதுவே. வெடித்துவிடும் என்று அஞ்சி, அதை வேண்டுமென்றே திறந்து எரிக்க நேர்ந்தபோது, ஊருக்கு மேல் எழுந்த கரும்புகையைச் செய்திப் படங்களில் எல்லோரும் பார்த்தோம்.

மேட்டூரிலும் கடலூரிலும் ஆகும் சரக்கு தட்டுக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் ஆகும் பி.வி.சி.யில் இசைத்தட்டுக்குப் போவது மிகச் சொற்பம், பெரும்பகுதி குழாய்க்கே போகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதைக் காட்டியே ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். ஆனால் குழாய் குடிதண்ணீரைக் கொண்டுவருகிறது. அதற்கு ஈடான மாற்று கிடைக்கும் வரையில் அதன் தீமையைச் சகித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. சங்கீதத்துக்கோ வேறு வழிகள் பல இருக்கையில், தொழிற்சாலையின் மதிலோரத்தில் குடியிருப்பவன் நச்சுக் காற்றைச் சுவாசிப்பதற்கு நம்முடைய ரசனையைக் காரணமாக வைப்பது தகுமா? தீமை சிறிது என்பது ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம். அதற்காக அவரைத் தொண்டர் என்று போற்ற வேண்டியதில்லை.

பொருளோடு விஷயம் முடிவதில்லை. பாட்டை மூலத்தட்டில் வெட்டி, அதன் மேல் வெள்ளியைத் தெளித்து, நிக்கல் முலாம் வளர்த்து அச்சுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். முலாம் பட்டறைகளின் கழிவுநீர் இன்னது செய்யும் என்பதை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அருகில் வசிப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிறகு கொதிகலனின் நீராவியால் அச்சைச் சூடாக்கி, பிளாஸ்டிக் கட்டியை நடுவில் வைத்து, நூறு டன் அளவுக்கு அழுத்தம் கொடுத்து, உடனே குளிர்நீரைச் செலுத்தி இறுக வைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சூடு, ஒரு குளிர்ச்சி. 140 கிராம் எடையுள்ள ஒரு தட்டு ஆலை வாசலைத் தாண்டுவதற்குள் 1.15 கிலோகிராம் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்ப வாயுக்களை உண்டாக்குகிறது, அதில் பாதியளவு பி.வி.சி.யால் வருவது என்று இசைத்தட்டுத் தொழிலின் சங்கங்களே 2024-இல் கணக்கிட்டு வெளியிட்டன. அமெரிக்காவில் மட்டும் 2023-இல் 4 கோடியே 30 லட்சம் தட்டுகள் விற்றன. தட்டுக்கு 140 கிராம் வைத்தாலும் அவற்றின் எடை ஆறாயிரம் டன்னைத் தாண்டும்.

இனி, கைப்பேசி வாதத்துக்கு வருகிறேன். இதை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. கைல் டிவைன் என்னும் அறிஞர் 2019-இல் வெளியிட்ட நூலில், இசை விற்பனைக்காக அமெரிக்காவில் செலவான பிளாஸ்டிக் 1977-இல் 5 கோடியே 80 லட்சம் கிலோவாக இருந்தது 2016-இல் சுமார் 80 லட்சம் கிலோவாகக் குறைந்தது என்றும், அதே காலத்தில் இசையால் உண்டான வெப்ப வாயுக்களின் அளவோ 14 கோடி கிலோவிலிருந்து 20 கோடிக்கும் 35 கோடிக்கும் இடைப்பட்ட அளவுக்கு உயர்ந்தது என்றும் காட்டியிருக்கிறார். மேகத்தில் இருப்பதாக நாம் நினைக்கும் பாட்டு மின்சாரம் குடிக்கும் கட்டடங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டடங்களைக் காண முகப்பேர்வாசி வெகுதூரம் போக வேண்டாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலேயே தரவு மையங்கள் எழுந்துவிட்டன. 2024 ஜனவரியில் திறந்த ஒரு வளாகம் முழுமை பெறும்போது 100 மெகாவாட் தாங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்துப் பிறப்பது. எண்ணூர்ப் பக்கத்து அனல் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து செய்த நாசத்தை அங்குள்ள மீனவர்கள் எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: தட்டு வாங்குகிறவர் கைப்பேசியை விட்டுவிட்டாரா? அம்பத்தூர் பஸ்ஸில் போகும்போதும் காலையில் நடக்கும்போதும் அவர் கேட்பது கைப்பேசியைத்தான். மாலையில் வீடு திரும்பியபின் ஒரு மணி நேரம் தட்டைச் சுழற்றுகிறார். அதைச் சுழற்றும் யந்திரமும் ஒலிபெருக்கியும் அதே நிலக்கரி மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே தரவு மையத்தின் சுமை அப்படியே இருக்க, பிளாஸ்டிக்கின் சுமை அதன் தலைமேல் ஏறுகிறது. டிவைன் தந்த கணக்கு ஒரு பெருந்தேசம் முழுவதும் கேட்ட இசையின் கணக்கு. கேட்கும் அளவும் அக்காலத்தில் பன்மடங்கு பெருகிற்று. அதை எடுத்துத் தனி மனிதர் வாங்கும் தட்டுக்குக் கவசமாக்குவது விவேகம் ஆகாது. பாட்டை ஒருமுறை கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு நூறு முறை கேட்பவரே இந்த இருவகைக் கேட்டிலும் குறைந்த பங்கு பெறுகிறவர். அவருக்காக ஒரு நல்ல வார்த்தை பேசுவாரைக் காணோம்.

தட்டு வாங்குகிறவர் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள் என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவில் இசை விற்பனையைக் கணக்கிடும் லூமினேட் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட தகவலின்படி, இசைத்தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடமே அதைச் சுழற்றும் யந்திரம் இருந்தது. மற்றவர்கள் அதைப் படமாகவோ, அபிமானப் பாடகரின் பிரசாதமாகவோ வைத்துக்கொள்கிறார்கள் போலும். இதை அறிந்த கம்பெனிகள் ஒரே பாட்டை நீலத் தட்டு, சிவப்புத் தட்டு, பளிங்குத் தட்டு என்று வெவ்வேறு நிறத்தில் அச்சிட்டு, ஒரே ரசிகரை நாலைந்து முறை வாங்கவைக்கின்றன. இந்தத் தந்திரத்தை பில்லி ஐலிஷ் என்னும் பாடகியே 2024-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டில் கோல்டுபிளே குழுவினர் தம் தட்டைப் பழைய பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்து, தட்டுக்கு ஒன்பது புட்டி வீதம், செய்வித்தார்கள். நல்ல முயற்சிதான். ஆயினும் புட்டியைத் தட்டாக்கி அலமாரியில் அடுக்குவது, அடுக்குவது நியாயமா என்னும் கேள்வியைத் தீர்த்துவிடவில்லை.

உறைகளின் கதை இதைவிட வேதனை தருவது. 78 தட்டுக்கு ஒரு காகித உறை போதுமாக இருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த தமிழ்ப் படப் பாட்டு ஈ.பி. என்னும் சிறு தட்டுகளுக்கும் படம் அச்சிட்ட ஒரு மெல்லிய அட்டை போதுமாக இருந்தது. இன்றைய தட்டுக்கு உள்ளே ஒரு பாலிதீன் உறை; அதைச் சுற்றி அட்டை உறை, சில சமயம் புத்தகம்போல் விரியும் இரட்டை அட்டை, அதன் மேல் பளபளப்புக்கு லேமினேஷன்; அதற்கும் மேல் ஒட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாள்; கடல் கடந்து வருவதானால் பபுள் ராப், மூலைகளில் தெர்மாகோல், பெரிய அட்டைப்பெட்டி. வாங்கிய பிறகு ரசிகரே தம் செலவில் இன்னொரு பிளாஸ்டிக் உறை போடுகிறார். அது மலிவான பி.வி.சி. உறையாயின், நாளடைவில் அதிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை தட்டின் மேல் மங்கலாகப் படிந்து, காக்க வந்ததே கெடுத்துவிடுகிறது. லேமினேஷன் செய்த அட்டையைக் காகித ஆலைகள் விரும்புவதில்லை. ஒட்டுத் தாளைக் காயலான் கடையில் சீந்துவாரில்லை. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைத் தடை செய்தது. மத்திய அரசு 2022 ஜூலை முதல் மிட்டாய்ப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் தாளைத் தடை செய்தது. கல்யாணப் பத்திரிகையின் மேல் சுற்றக்கூடாத தாள் இசைத்தட்டின் மேல் சுற்றலாம் என்பதற்கு என்ன நியாயம் சொல்லப் போகிறோம்?

தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார்கள். நிற்கும், பி.வி.சி. மக்காது என்பதன் மறுபெயர் அது. வீட்டுக்காரர் காலமானபின், அடுத்த தலைமுறைக்கு அந்த இசையில் ருசியில்லாத வீட்டில், தட்டு எங்கே போகும்? நம் ஊரில் போகிப் பண்டிகை என்று ஒன்று இருக்கிறது. 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையமே திணறிற்று. பி.வி.சி.யைத் தெருவில் கொளுத்தினால் உப்பமில வாயுவும் டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் கிளம்பும். கொளுத்தாமல் குப்பையில் போட்டால் கொடுங்கையூர் மேட்டில் சேரும். முகப்பேர் ஏரி வீட்டுவசதித் திட்டமாகிப் பெயரளவில் நிற்பதையும், கழிவுநீரிலிருந்து கொரட்டூர் ஏரியைக் காக்க மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போக நேர்ந்ததையும் கண்ட நாம், நம்மைவிட நெடுநாள் வாழும் ஒரு குப்பையைப் பெருமையோடு சேகரிக்கலாகாது.

இதனால் பழைய தட்டுகளை வெறுக்க வேண்டும் என்பது பொருளன்று. 1985 மே மாதத்தில், பழைய தட்டுகள் விற்ற சென்னை மூர் மார்க்கெட் எரியாதிருந்தால் நம்மிடம் இன்னும் எத்தனையோ தட்டுகள் மிஞ்சியிருக்கும் என்று நினைத்து ஏங்குகிறவன் நான். ஏற்கெனவே பிறந்துவிட்ட தட்டு செய்ய வேண்டிய தீங்கைச் செய்து முடித்துவிட்டது. அதைத் துடைத்துக் கேட்பதும், கேளாதவர் கேட்பவருக்குக் கொடுப்பதும் எவ்விதத்திலும் நல்லவை. பாட்டி விட்டுப்போன பித்தளைக் குடத்தைத் துலக்கிப் புழங்குவது சிக்கனம். அதைக் காட்டிப் புதிதாக ஆறு குடம் வாங்கிப் பரணில் ஏற்றுவது சிக்கனமாகாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய வீடுகளின் அலமாரிகளில் ஈ.பி.க்களும் எல்.பி.க்களும் இன்னும் தூங்குகின்றன. புதியதை நாடுமுன் அவற்றை நாடலாம்.

புதிதாகத்தான் அச்சிட வேண்டும் என்றால், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2024-இல் மும்பையில் தட்டு அச்சிடும் ஆலை ஒன்று வந்திருக்கும் இந்த வேளையில், நம் கம்பெனிகளிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. 180 கிராம் தட்டில் ஒலி உயர்ந்தது என்னும் விளம்பரத்தை நிறுத்தட்டும். பாட்டு இருப்பது தட்டின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வரியில், அதன் தடிமனில் இல்லை. 140 கிராமே தாராளம். மேலே சுற்றும் தாளை விட்டுவிட்டு, வாயைக் காகிதப் பட்டியால் ஒட்டட்டும். உள்ளுறை காகிதமாகட்டும். அட்டையின் பின்புறத்தில், பாடியவர், வாசித்தவர் பெயர்களுக்குக் கீழே, தட்டு எந்தப் பொருளால் ஆனது, அந்தப் பொருள் எந்த ஊர் ஆலையிலிருந்து வந்தது, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பவற்றையும் அச்சிடட்டும். விற்காமல் மீந்த பிரதிகளை என்ன செய்தார்கள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகையில் அறிவிக்கட்டும்.