சொல்லிவிட்டுப் போவோம்

கடந்த பள்ளி விடுமுறையில் நண்பர்கள் நால்வர் அங்சி மலை ஏறினோம். கோலா பிலாவிலிருந்து உலு பெண்டுல் பக்கம்தானே, 825 மீட்டர்தானே என்ற துணிச்சல். இறங்கும்போது ஒருவன் முன்னால் ஓடி, பாதை மாறிவிட்டான். ஒரு மணி நேரம் கத்திக் கூப்பிட்ட பிறகே வந்து சேர்ந்தான். அப்போதுதான் உறைத்தது: நாங்கள் மலைக்குப் போனது எவர் வீட்டிலும் தெரியாது.

அன்றிரவு ஜிம் தாம்சன் நினைவுக்கு வந்தார். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர்; உலகப் போரின்போது உளவுப் பிரிவில் பணியாற்றியவர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தார். மற்றவர்கள் மதிய ஓய்வில் இருந்தபோது தனியே வெளியே போனவர் திரும்பவே இல்லை. காவல்துறையினர், ராணுவத்தினர், பூர்வக்குடி மக்கள் என நூற்றுக்கணக்கானோர் தேடியும் பயனில்லை.

கடத்தல், உளவு, புலி என்று இன்றும் கதைகள் உலவுகின்றன. நாமும் ஆர்வமாகக் கேட்கிறோம். ஆனால், தேடியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரே தகவல்தான்: எந்தப் பக்கம் போனார்? சொல்லிவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. எங்கே தேடத் தொடங்குவது என்பதாவது தெரிந்திருக்கும்.

"சொன்னால் அம்மா விடமாட்டார்" என்பது நம் வழக்கமான சாக்கு. எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை மறுக்கலாம். மறைத்துவிட்டுப் போய் நாம் திரும்பாவிட்டால், அந்த அம்மா எந்தக் காட்டில் போய்த் தேடுவார்?