டீசல் பம்ப் வாங்குமுன் எண்ணைப் பாருங்கள்

பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வரை வந்து சேராத நாட்களில் நாஞ்சில் நாட்டுச் சிறு விவசாயிக்குக் கை கொடுப்பது குளத்தங்கரையில் கிடக்கும் பழைய ஆயில் என்ஜின்தான். கும்பப்பூப் பயிர் கதிர் தள்ளும் சமயம் பார்த்து அது நின்றுபோனால் பதற்றம் வருவது இயல்பு. அந்தப் பதற்றத்தில், "டீசல் பம்ப் போய்விட்டது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைக்கு ஓடி, கையில் கிடைத்த பம்பை வாங்கி வருகிறார்களே, அதுதான் வீண் செலவு.

குற்றம் பம்பில்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பில்டர் அடைத்தாலும், டீசலில் தண்ணீர் கலந்தாலும், குழாயில் காற்று புகுந்தாலும், நாசில் சொட்டினாலும் என்ஜின் இதே மாதிரிதான் திணறும். நாசில் பீய்ச்சுகிறதா என்று விரலை நீட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அது கூடவே கூடாது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும்.

பம்ப்தான் தேய்ந்தது என்று உறுதியானாலும் முழுப் பம்பையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் எலிமென்ட்டையும் டெலிவரி வால்வையும் மாற்றினாலே பல பம்புகள் பிழைத்துக்கொள்ளும். எலிமென்ட் என்பது பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடி. ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்தவை என்பதால் ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை.

புதுப் பம்பே வேண்டும் என்றால் விலையையும் பளபளப்பையும் பார்க்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் போஷ் என்று பெயர் மாறிவிட்டது. பம்புக்கு மட்டும் மைக்கோ என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வகைப் பம்பின் உடம்பில் 'பி.எப். 1 ஏ 80' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 1 என்பது ஒரு சிலிண்டர். கடைசியில் உள்ள 80 என்பது பிளஞ்சரின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. 80 இருந்த இடத்தில் 90 போட்டால் போல்ட் துளைகள் பொருந்தலாம். ஆனால் பிளஞ்சர் அதே தூரம் தள்ளும்போது கால் பங்குக்கு மேல் கூடுதல் டீசல் போகும். பாரம் ஏறியதும் கரும்புகை கக்கும், பிஸ்டனும் சூடேறும். சிறிய பிளஞ்சரோ பாரம் இழுக்காது.

ராக் கம்பி எந்தப் பக்கம் நகர்ந்தால் டீசல் கூடுகிறது என்பதும் பழைய பம்பில் இருந்தபடியே இருக்க வேண்டும். திசை மாறினால், கவர்னர் டீசலைக் குறைக்க இழுக்கும்போது கூடிப்போய் என்ஜின் தறிகெட்டு ஓடும்.

ஆகவே "எல்லா என்ஜினுக்கும் பொருந்தும்" என்று சொல்லும் கடைக்காரரை நம்புவதைவிட, பழைய பம்பைச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. பில்லில் குறியீட்டை எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். லாரி, டிராக்டர் போன்ற பல சிலிண்டர் என்ஜினுக்கு இதுவும் போதாது. எல்லா சிலிண்டருக்கும் டீசல் சமமாகப் போகிறதா என்று பட்டறையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

பம்பைக் கழற்றும்போது அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைத் தூர எறிந்துவிடுகிறார்கள். டீசல் எந்த நேரத்தில் சிலிண்டருக்குள் பாய வேண்டும் என்பது அந்தத் தகடுகளின் கனத்தில்தான் இருக்கிறது. தகடு கூடினால் பாய்ச்சல் பிந்தும், குறைந்தால் முந்தும். எத்தனை இருந்தன என்று எண்ணி, நூலில் கோத்துப் பத்திரமாக வைத்து, புதுப் பம்புக்கு அடியிலும் அவற்றையே வைத்து மாட்டி, அதன்பின் டைமிங் பார்க்கச் சொல்ல வேண்டும்.