பலகைக்குப் பெயருண்டு, உருட்ட இடமில்லை

வேளாங்கண்ணிக்கு வருவோர்க்கெல்லாம் இடமுண்டு. அவ்வூரிலேயே பிறந்து வளரும் இளையோர்க்கு மட்டும் இடமில்லை. ஆண்டுதோறும் ஆகத்து 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8-இல் நிறைவுறும் பெருவிழாவிற்கு இலக்கக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். அவர்கள் தங்க விடுதிகள், உண்ண உணவகங்கள், ஊர்திகள் நிற்க அகன்ற வெளிகள் என ஊர் நாளும் விரிகின்றது. தெருவில் பந்தெறியும் சிறுவனைக் கடைக்காரர் விரட்டுகின்றார். கரைக்குப் போனால் வலை காய்கின்றது, மீன் காய்கின்றது. சிறுமியர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பன்னிரண்டு அகவை கடந்ததும் அவர்தம் விளையாட்டு வாயிற்படியோடு நின்றுவிடுகின்றது.

சென்ற திங்கள் என் மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மாமல்லபுரத்து மீனவச் சிறுமி ஒருத்தி நான்கு சிற்றுருளைகள் பூட்டிய பலகையின்மேல் நின்று சரிவில் பாய்ந்து வருகின்றாள். 'கமலி' என்னும் குறும்படத்தால் உலகறிந்த சிறுமி அவள். அப்படம் 2020-இல் பிரித்தானியத் திரைக்கழகப் பரிசுக்குப் பரிந்துரைக்கப் பெற்றது. "ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றான். சறுக்குப்பலகை என்றேன். (உருண்டோடுவதைச் சறுக்கல் எனலாமோ என்று சொல்லாய்வார் வினவுவர். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் எழுதுக; ஏற்போம்.) அவன் சற்றே நின்று, "பெயர் கிடைத்துவிட்டது ஐயா; உருட்ட இடம்?" என்றான். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. இவ்வாசிரியவுரை எழுந்தது அதனால்தான்.

அயலான் விளையாட்டை நம் பிள்ளைகள் ஏன் ஆடவேண்டும் என்று நம் தோழர்களுள்ளும் சிலர் கேட்பர். 1950-களில் கலிபோர்னியாக் கரையினர், கடல் அலையற்றுக் கிடந்த நாள்களில், அலைமேல் செல்வதைப்போலத் தரைமேல் செல்ல விரும்பிப் பலகையடியில் உருளை பூட்டினர். அலைமேல் மரத்தை மிதக்கவிட்டு அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கலையை நம் பரதவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கட்டுமரம் என்னும் நம் சொல்லையே ஆங்கிலன் எடுத்தாள்கின்றான். செருதூர்ச் சிறுவனுக்கு அப்பலகை அயலாகாது. மேலும், சடுகுடுவையும் சிலம்பத்தையும் அயல் விளையாட்டு அழித்தது என்பது பாதி உண்மையே. மந்தைவெளியையும் ஊர்ப்பொதுவையும் வளைத்துக்கொண்டவர் யார்? நம்மவர்தாமே!

இத்தகைய திடலை ஒரு சிற்றூர் தாங்குமா என்று ஐயுறுவோர் மத்தியப்பிரதேசத்தின் பன்னா மாவட்டத்துச் சன்வாரை நோக்குக. செருமானியப் பெண்மணி உல்ரிக்கே ரெயின்கார்ட்டு 2015-இல் அங்குக் கற்காரையால் ஒரு சறுக்குத் திடல் அமைத்தார். பயிற்றுநர் என்று எவரையும் அமர்த்தவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தே கற்றனர். பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகையில்லை, பெண்மக்களுக்கே முதலிடம். இவ்விரண்டு ஒழுங்குகளே அங்கு வகுக்கப்பட்டன. பழங்குடியினரும் யாதவரும் பிரிந்து வாழ்ந்த அவ்வூரில், பலகைகள் குறைவாதலின் ஒருவர் பலகையை மற்றவர் வாங்கித்தான் ஆடவேண்டியிருந்தது. சாதியொழிப்பைப் பற்றி நாம் மேடையில் முழங்கிய அளவிற்கு அப்பிள்ளைகள் ஒன்றும் முழங்கவில்லை. பலகையைக் கைமாற்றினர், அவ்வளவே. அவ்வூர்ப் பழங்குடிப் பெண் ஆசா கோண்டு 2018-இல் சீனத்தின் நாஞ்சிங்கு நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறை இடம்பெற்றபோது பொன் பெற்ற மகளிருள் ஒருத்திக்கு அகவை பதின்மூன்றே.

நம் பக்கத்தில் புதிதாகக் கட்டவும் வேண்டுவதில்லை. சுற்றியுள்ள கடைமடைச் சிற்றூர்களில் நெல் உலர்த்தக் கற்காரைக் களங்கள் உள்ளன. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது அவை உழவர்க்கு உயிர். நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுவர் அன்றோ? அந்நாள்களில் பிள்ளைகள் அங்குக் கால்வைத்தலாகாது. குறுவை விளையும் ஊர்களில் புரட்டாசி, ஐப்பசியிலும் அவ்வாறே. எஞ்சிய திங்கள்களில் அக்களங்களில் ஆடு படுக்கின்றது. இரவில் குடிப்போர் புட்டி உடைக்கின்றனர். வெடிப்புகளைப் பூசி, மரத்தால் இரண்டு சரிவுமேடைகள் செய்து வைத்தால் போதும். அறுவடை வந்ததும் அவற்றைத் தூக்கி ஓரமாக அடுக்கிவிடலாம்.

அலுவலர்க்கு விண்ணப்பம் விடுத்துக் காத்திருத்தல் நம் வழக்கம். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின் எத்தனையோ உதவிகள் வந்தன. வந்தவர் சென்றதும் பேணுவாரின்றிப் பாழான கட்டடங்களை நாம் அறிவோம். அந்நிலை இதற்கும் நேராமல், திடலின் பொறுப்பு முழுவதும் இளையோர் கையிலேயே இருத்தல் வேண்டும். உழவர் இருவரும் மீனவர் இருவரும் துணைநின்று, களம் எந்நாளில் எவர்க்கு என்பதை மட்டும் வரையறுத்தால் போதும். கட்சிக்கொடி, கல்வெட்டு, திறப்புவிழா எதுவும் வேண்டா.

முதற்கண் பத்துப் பலகையும் பத்துத் தலைக்காப்பும் வேண்டும். தலைக்காப்பின்றி எவரும் ஏறலாகாது. அவற்றிற்காக என் ஓய்வூதியத்தை எதிர்பார்த்திராமல் இத்திங்கள் ஊதியத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கியுள்ளேன். கேட்ட மாணவனிடம் இதைச் சொன்னேன். பலகைகளைப் பூட்டிவைக்கும் பெட்டியின் திறவுகோல் யாரிடம் இருக்கும் என்றான். உன் தங்கையிடம் என்றேன். முகம் சற்றுச் சுருங்கியது, பின்னர்ச் சரியென்றான்.