சுவரோரத்து நெருப்பு

ஹைடிரஜன் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்க வேண்டுமென்று பல தேசத்தாரும் இன்று மும்முரமாக வேலை செய்து வருகின்றார்கள். அதில் கரி இல்லையாதலால், எரிந்தால் கரியமில வாயு உண்டாவதில்லை என்பதே காரணம். நல்ல காரியந்தான். ஆனால் அந்த வாயு லேசுப்பட்டதல்ல. மற்ற எரிவாயுக்களைவிடப் பல மடங்கு வேகமாக அதில் தீ பாயும். எரியும் அறையில் நிற்க வேண்டிய தீ, வாயு வருகின்ற குழாய்க்குள்ளேயே திரும்பிப் புகுந்துவிட்டால் பர்னர் வெந்து கெடும். பக்கத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கு யார் ஜவாப்தாரி?

இந்த விவகாரமெல்லாம் குழாயின் சுவரோரத்தில்தான் தீர்க்கப்படுகின்றது. குழாயில் வாயு நடுவே வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். சுவரைத் தொட்ட இடத்திலோ அசையாது நிற்கும். ஆகவே எதிர்த்து வருகின்ற தீக்கு ஓரந்தான் சுலபமான வழி. ஆனால் குளிர்ந்த சுவர் தீயின் சூட்டை வாங்கி அதை அணைத்துவிடும். 1815-ல் டேவி என்பவர் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் செய்துகொடுத்த விளக்கின் கம்பி வலையும் இதே வேலையைத்தான் செய்தது.

1943-ல் அமெரிக்காவில் லூயிஸ், வான் எல்பே என்ற இருவர் இதற்கு ஒரு விதி சொன்னார்கள். அதாவது, சுவரிலிருந்து தீ உயிரோடிருக்கக் கூடிய மிகக் கிட்டிய தூரத்தில், வாயுவின் வேகம் தீயின் வேகத்திற்குக் குறைந்தால் தீ திரும்பும் என்பதாகும். எஞ்சினீயர்கள் வெகுகாலம் இதை நம்பி வேலை செய்தார்கள். ஆனால் தீயினால் எதிரே வரும் வாயுவின் ஓட்டம் மாறாது என்ற ஓர் அனுமானம் அதற்குள்ளே இருந்தது.

2012-ல் முனிச் தொழில்நுட்ப சர்வகலாசாலையார் அந்தச் சுவரோரத்து ஓட்டத்தை லேசர் வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். அதே ஆண்டில் நார்வே, அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள், கொந்தளித்து ஓடும் ஹைடிரஜன் கலவையில் தீ திரும்புவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். இரண்டிலும் ஒரே விஷயம் வெளிப்பட்டது. குழாய்க்குள் அடைபட்ட தீ, எதிரே வரும் வாயுவைத் தடுத்து, சுவரோரத்தில் அங்கங்கே பின்னோக்கியே ஓடச் செய்கின்றது! தன் வழியைத் தானே உண்டாக்கிக் கொள்ளுகின்றது. பழைய அனுமானம் அங்கே செல்லாதென்றாயிற்று. "பெரியவர்கள் சொன்னதை மறுக்கலாமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை, லூயிஸுக்கும் இதில் அவமானமில்லை.

நிற்க. இனிக் கம்ப்யூட்டர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அதே பழைய புத்திதான். அது ஜோசியமல்ல, வெறுங் கணக்கு. 1822-ல் நேவியரும் 1845-ல் ஸ்டோக்ஸும் எழுதிய ஓட்டச் சமன்பாடுகளையும், ஹைடிரஜன் எரியும் ரசாயனத்தையும் எடுத்துக்கொண்டு, இடத்தைக் கோடிக்கணக்கான கட்டங்களாக அறுத்துக் கணக்கிடுகின்றார்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு. கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை 16 மடங்கு. ஆகவேதான் இவ்வளவு நுட்பமான கணக்குச் சிறு வாய்க்கால் போன்ற இடத்திற்கு மட்டுமே ஆகின்றது. முழு டர்பைனுக்கு வரும்போது, நுண்ணிய சுழல்களுக்குப் பதிலாகக் குறுக்கு வழி அனுமானங்களை வைத்தே கணக்கிடுகின்றார்கள்.

அதில் குற்றமில்லை. ஆனால் கலர் படத்தைக் காட்டி இயந்திரம் விற்க வருகின்றவனிடம், "இதில் கணக்கிட்டது எவ்வளவு, அனுமானித்தது எவ்வளவு, எந்தப் பரீட்சையோடு ஒத்துப் பார்த்தாய்?" என்று கேட்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். பதில் வரும்வரை அந்த பர்னரின் பக்கத்தில் ஒரு தொழிலாளியையும் நிறுத்தக் கூடாது.